ஜெகதாம்பாளும் இரவல் கட்டில்களும்

சேக்காட்டில் நாகப்பன் மேஸ்திரி என்றால் தெரியாதவர் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் வயலில் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தவன், ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்புகள் எழும்பிய காலத்தில் மண்சட்டி சுமந்து, கொத்தனார் கரண்டி பிடித்து, எனக்குக் கீழே அறுபது பேர் வேலை பார்க்கும் அளவுக்கு வந்தேன். யார் கையையும் பிடித்து ஏறவில்லை. இப்பேர்ப்பட்டவன் ஒரு ஆபீசில் தலை குனிந்து நின்றான் என்றால், அது ஒருத்திக்காகத்தான். அவள் கோவில்பதாகை ஜெகதாம்பாள்.

அவள் புருஷன் இளவயதிலேயே போய்விட்டான். பகலில் களை எடுப்பாள், கூப்பிட்ட வீட்டில் பிரசவம் பார்ப்பாள். வெற்றிலை பாக்கும் ஒரு படி அரிசியும்தான் அவளுக்குக் கூலி. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவள் கையில்தான் விழுந்தார்கள். அந்த நன்றிக்காக, மாதர் சங்கம் என்று அவர்கள் ஆரம்பித்தபோது என் சொந்தச் செங்கல்லில் ஓர் அறை கட்டிக் கொடுத்தேன். ஜெகதாம்பாள் தலைவி. மிஷன் பள்ளிக்கூடத்து அருள்செல்வி டீச்சர் செயலாளர். அந்த அறையில் ஒரு பாய், ஒரு லாந்தர், ஒரு பித்தளைக் குண்டான். வேறு ஒன்றும் இல்லை.

ஜெகதாம்பாளுக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. நன்றாகப் பிறந்து நன்றாகப் பால் குடித்த குழந்தைகளில் சில, எட்டாம் நாள் வாக்கில் வாய் பூட்டிக்கொண்டு, உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போயின. இரண்டு வருஷத்தில் நான்கு குழந்தைகள். ஊரில் காற்று கருப்பு என்றார்கள். தாய்ப்பால் விஷம் என்றார்கள். போன ஜென்மத்துப் பாவம் என்றும் சொன்னார்கள். அவள் எதையும் நம்பவில்லை.

"நாலும் நான் பார்த்த பிரசவம் அண்ணாத்தே. என் கையிலதான் இன்னாவோ கோளாறு கீது" என்று என்னிடமே சொன்னாள்.

1968 என்று நினைவு. பட்டணத்தில் ஒரு தரும ஸ்தாபனம் கிராமத்துச் சங்கங்களுக்குப் பிரசவ நிலையம் நடத்த மானியம் கொடுப்பதாக அருள்செல்வி டீச்சர் பேப்பரில் பார்த்தார். கட்டில், மருந்து, சாமான் எல்லாம் வாங்கித் தருவார்கள். அதோடு, சங்கத்திலிருந்து ஒரு பெண்ணுக்குப் பூந்தமல்லியில் ஆறு மாதம் மருத்துவச்சிப் பயிற்சி. சாப்பாட்டுக்கும் அவர்களே கொடுப்பார்கள். நாற்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். ஜெகதாம்பாளுக்கு வருகிற சித்திரையில் நாற்பது. இந்த வருஷம் தவறினால் எந்த வருஷமும் இல்லை.

கட்டிலைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. "அங்க போனா, புள்ளைங்க ஏன் சாவுதுன்னு சொல்லிக் குடுப்பாங்களா டீச்சரம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

மனு போட்டோம். நேரில் பார்க்க ஓர் அம்மாள் வருவதாகக் கடிதம் வந்தது. அங்கேதான் நான் உள்ளே புகுந்தேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாலு வீட்டு நாற்காலியையும் வெள்ளி டம்ளரையும் வாங்கி வந்து வைப்போம். பெண் வீட்டுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, கொடுக்காதவனுக்குத்தான் வெட்கம். நான் இந்தக் காரியத்தையும் அப்படித்தான் நினைத்தேன்.

"இருக்கிறத காட்டிட்டுப் போவோமே அண்ணாத்தே" என்றாள் ஜெகதாம்பாள்.

"கம்முனு இரு. கிழிஞ்ச பாயைக் காட்டினா அந்தம்மா மூக்கைப் பொத்திக்கினு பூடும். நான் கட்டின ரூமு. என் மானம் இன்னா ஆவறது?"

தொழிற்சாலைக் குடியிருப்பில் தனியாகத் தங்கியிருந்த பையன்களிடம் ஆறு இரும்புக் கட்டில் வாங்கினேன். மருந்துக் கடைக்காரரிடம் கண்ணாடி அலமாரி, பாட்டில்களோடு. ஒரு வீட்டிலிருந்து சுவர்க் கடிகாரம், இன்னொரு வீட்டிலிருந்து வெள்ளி டம்ளர். சங்கத்துப் பெண்களுக்கு இரவல் பட்டுப்புடவை. ஒரு கட்டிலில் என் மச்சினிச்சியைக் கர்ப்பிணி என்று படுக்கவைத்தேன். வயிற்றில் ஒரு தலையணை. டீச்சர் மட்டும், "இதெல்லாம் வேண்டாமே மேஸ்திரி" என்று சொல்லிப் பார்த்தார். நான் கேட்பேனா?

அந்த அம்மாள் வந்தார். சுற்றிப் பார்த்தார். வெள்ளி டம்ளரில் பால் குடித்தார். ஜெகதாம்பாளைப் பார்த்து, "உங்களுக்கு இங்கே என்னம்மா குறை?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க ஊருக்கு ஒரு குறையும் இல்லீங்கம்மா!"

பத்து நாளில் கடிதம் வந்தது. டீச்சர் படித்தார். எங்கள் நிலையம் எல்லா வசதியோடும் சிறப்பாக நடப்பதாக எழுதியிருந்தார்கள். அதுவரை கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த வரியில், ஒன்றுமே இல்லாத ஊர்களுக்குத்தான் இந்த உதவி என்பதால் மானியத்தை வேறொரு கிராமத்துக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார்கள்.

"படிப்பும் இல்லியா?" என்றாள் ஜெகதாம்பாள்.

டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். ஜெகதாம்பாள் கடிதத்தை வாங்கி மடித்து டீச்சரிடமே கொடுத்துவிட்டு எழுந்து போனாள். என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

ஐப்பசியில் கோவில்பதாகையில் வேம்புலியம்மாள் என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஜெகதாம்பாள்தான் பார்த்தாள். ஆண் குழந்தை, நல்ல எடை. ஏழாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது. எட்டாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. மருமகள் பால்தான் விஷம் என்று மாமியார் தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த ஈரப் புடவையோடு ஜெகதாம்பாள் நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டாள். அறுபது ஆட்களும் பார்க்கிறார்கள்.

"அண்ணாத்தே, நாளைக்குப் பட்டணம் வா. அந்தம்மாகிட்ட எல்லாம் இரவல்னு சொல்லு."

"உனக்கு இன்னா பைத்தியமா? நாகப்பன் ஊரெல்லாம் கெஞ்சி வாங்கி நாடகம் ஆடினான்னு நானே போய் சொல்றதா? அப்புறம் எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் புள்ளை வாயைத் தொறக்க முடியாமலே செத்துச்சு. உனக்கு வாய் நல்லாத்தானே கீது. தொறந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள், எல்லாருக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இவளிடம், "எத்தனை மணி ரயிலு?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் மூவரும் ரயில் ஏறினோம். ஆபீசில் அந்த அம்மாள், "எழுதிக் கொடுங்கள்" என்றார். டீச்சர் எழுத வந்தார். நான் விடவில்லை. நான் செய்த காரியம், என் கையெழுத்திலேயே இருக்கட்டும் என்று, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினேன். ஆறு கட்டில் இரவல். அலமாரி இரவல். கடிகாரம் இரவல். டம்ளர், புடவை இரவல்.

அவர் படித்துவிட்டுக் கேட்டார். "கட்டிலில் ஒரு கர்ப்பிணி படுத்திருந்தாரே?"

"அதுவும் இரவல்தாங்கம்மா."

அவர் சிரிக்கவில்லை. ஜெகதாம்பாள் பக்கம் திரும்பி, அன்றைக்குக் கேட்டதையே மறுபடி கேட்டார். "உங்களுக்கு என்னம்மா குறை?"

ஜெகதாம்பாள் மடியிலிருந்த துணி மூட்டையை மேஜை மேல் அவிழ்த்தாள். தொப்புள்கொடி அறுக்கும் சின்னக் கத்தி. ஒரு நூல்கண்டு. கொடி அறுத்த இடத்தில் வைக்கும் வறட்டிச் சாம்பல், ஒரு டப்பியில்.

"இதான் எங்க ஆஸ்பத்திரி. அஞ்சு புள்ளைங்க என் கையில பூடுச்சு. ஏன்னு தெரியல. அந்தத் தெரியாததுதாம்மா குறை."

அந்த அம்மாள் கத்தியைத் தொடாமல் குனிந்து பார்த்தார். இந்த வருஷத்து மானியம் போனது போனதுதான் என்றார். ஆனால் பயிற்சியில் கூடுதலாக ஒருத்தியைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். சாப்பாட்டுச் செலவு மட்டும் கிடையாது. ஜெகதாம்பாள் அந்த ஆறு மாதமும் தினம் பஸ்ஸில் போய்வந்தாள், வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு. பஸ் செலவு என்னுடையது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது வாரம் ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து வந்தவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம். டீச்சர் போய்க் கேட்டபோது சொல்லியிருக்கிறாள். கத்தியையும் நூலையும் கொதிக்கும் வெந்நீரில் போட்டு எடுக்கவேண்டும். சாம்பல் வைக்கவே கூடாது. அந்த அழுக்கு வழியாகத்தான் நோய் குழந்தையின் உடம்புக்குள் போகிறது. அவ்வளவுதான் விஷயம். ஒரு குண்டான் வெந்நீர்.

பாஸ் செய்து பத்திரம் வாங்கினாள். மானியமும் மறுவருஷம் வந்தது. மறுபடி பார்க்க வந்தபோது அந்தக் கிழிந்த பாயைத்தான் காட்டினோம், நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். இன்று அந்த அறையில் இருக்கும் இரண்டு கட்டிலும் சங்கத்தின் சொந்தக் கட்டில். அதற்குப் பின் அவள் கையில் எட்டாம் நாள் சாவு ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம் ஊரே சொல்லும். ஊர் சொல்லாத ஒன்று இருக்கிறது.

பத்திரம் வாங்கிய மறுநாள் ஜெகதாம்பாள் அந்த ஐந்து வீட்டுக்கும் கிளம்பினாள். நான் வழியில் மறித்தேன்.

"வாணாம்மே. சனங்க விதின்னு மறந்துட்டாங்க. நீயா போய் ஏன் தலையைக் குடுக்கறே? உன்னை எவளும் கூப்பிடமாட்டா."

"நீ ஆபீசுல எழுதிக் குடுத்தியே அண்ணாத்தே. உனக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

அவள் போனாள். நானும் பின்னாலேயே போனேன், யாராவது கை வைத்தால் தடுக்க. முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் அந்தப் பெண் அழுதாள். மூன்றாவது வீட்டில் மண்ணை வாரித் தூற்றினார்கள், அவள் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நின்று, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தாள். நாலாவது வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

கடைசி, வேம்புலியம்மாள் வீடு. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜெகதாம்பாள் வாசலிலேயே நின்று, கத்தி, நூல், சாம்பல் எல்லாவற்றையும் சொன்னாள். "உன் புள்ளை என் கையாலதான் போச்சுடி" என்று முடித்தாள்.

வேம்புலியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ என் பால்ல விஷம் இல்லியாக்கா?"

"இல்லடி. உன் பால் நல்ல பால்."

வேம்புலியம்மாள் எழுந்து உள்பக்கம் திரும்பி, அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கூப்பிட்டாள்.

"அத்தே! இங்க வா. அக்கா இன்னா சொல்றாங்கன்னு நீயே வந்து கேளு."

மாமியார் வந்து நின்றாள். ஜெகதாம்பாள் முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.