கட்டாமல் விட்ட மூன்றாவது தாள்

பிளஸ் டூவில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு. அப்போதுதான் மதுரையில் நான் நினைத்த கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் கல்லூரி ஒரு சாக்கு. விருதுநகரில் எங்கள் பள்ளி வாசலில், சென்டம் எடுத்தவர்களின் போட்டோவைப் போட்டு பிளக்ஸ் வைப்பார்கள். ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இறங்கி, அதைத் தாண்டித்தான் உள்ளே போவேன். அதில் என் மூஞ்சியும் இருக்க வேண்டும் என்று வெறி பிடித்து அலைந்தேன்.

அம்மா பட்டாசுக் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே காகிதக் குழாய் உருட்டினாள். மருந்து அடைக்காத வெறும் குழாய்தான். அவள் உருட்டுவதை நூறு நூறாகக் கட்டுவது என் வேலை. நூலை இரண்டு சுற்று சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட வேண்டும். கட்டு லொடலொடவென்று இருந்தால் கம்பெனியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "அவுக்க முடியக் கூடாதுத்தா, அதுதான் கட்டு" என்பாள் அம்மா. வாய் தொகையிடல் சூத்திரங்களை ஒப்பித்துக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கும்.

கணக்குப் பரீட்சை அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. கூடுதல் தாள் மூன்று வாங்கினேன். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, "எல்லாரும் பேப்பரைக் கட்டுங்க" என்று மேடம் ஆளுக்கொரு நூல் கொடுத்தார். தாள்களை அடுக்கி, ஓட்டையில் நூலைக் கோத்தேன். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, மிச்ச நூலைக் கடித்துத் துப்பியாயிற்று. அப்புறம்தான் வினாத்தாளுக்கு அடியில் மூன்றாவது தாள் கிடந்ததைப் பார்த்தேன். வகைக்கெழுச் சமன்பாடு, முழுசாகப் பத்து மார்க்.

நகத்தால் நெம்பினேன். பல்லால் இழுத்தேன். இன்னும் இழுத்தால் தாளே கிழிந்துவிடும். வேறு நூல் கேட்டேன், மேடத்திடம் இல்லை. மணி அடித்துவிட்டது. "உள்ள வச்சுக் குடும்மா, திருத்துறவங்க பாத்துக்குவாங்க" என்றார். வைத்துக் கொடுத்தேன். ரிசல்ட் வரும்வரை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. நூற்றுத் தொண்ணூறு வந்தது. காணாமல் போன தாளுக்குச் சரியாகப் பத்து. அப்படியென்றால் கட்டியிருந்த அத்தனையும் சரி, எங்கும் ஒரு மார்க்கூட வெட்டவில்லை. நூற்று எண்பது வந்திருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பேன். இருநூறு என் கையில் இருந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படி விடுவது?

"எம்புட்டுத்தா கொறையுது?" என்றாள் அம்மா.

"பத்தும்மா."

"அம்புட்டுதானா? இதுக்கா இந்த அழுகை?"

ஒரு கணக்கு தப்பாகப் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். முடிச்சைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தன்னால்தான் போச்சு என்று காலம் பூராவும் புலம்பியிருப்பாள். பிளக்ஸைப் பார்க்கத் தெம்பில்லாமல், டி.சி. வாங்க அவளையே பள்ளிக்கு அனுப்பினேன். வந்தவள், "வாசல்ல அம்புட்டுப் பிள்ளைக போட்டோ இருக்கு. ஒன்னோடதக் காணுமே, விட்டுட்டாகளோ?" என்றாள்.

மதுரை கிடைக்கவில்லை. வேறு ஊரில் சிவில் கிடைத்தது. படித்தேன், நல்ல வேலையில்தான் இருக்கிறேன். இப்போது யாரும் என் மார்க்கைக் கேட்பதில்லை, அம்மாவாகச் சொன்னால்தான் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும், "எம் மக கணக்குல நூத்தித் தொண்ணூறாக்கும்" என்று ஆரம்பித்துவிடுவாள். அவள் முகத்தில் ஒரு குறையும் இருக்காது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாயால் ஒரே ஒரு தடவை இருநூறு என்று கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருப்பேன்.