தலைமையாசிரியரின் இரண்டு திருத்தங்கள்

என் கட்டுரையில் தலைமையாசிரியர் சிவப்புப் பென்சிலால் இரண்டே இடத்தில்தான் கை வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் தருமபுரிப் பள்ளியொன்றில் நான் அறிவியல் ஆசிரியர். இருட்டறையின் சன்னலில் சின்னத் துளை விட்டால், வெளியே வெயிலில் நிற்பவர் எதிர்ச்சுவரில் தலைகீழாகத் தெரிவார். அதைக் கொண்டு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒளியை ஆராய்ந்த பஸ்ரா நகரத்து அறிஞரைப் பற்றி, ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து கட்டுரை எழுதியிருந்தேன். முன்னோர் சொன்னதாயிற்றே என்று நம்பாமல் சோதித்துப் பார்ப்பதுதான் அவருக்கு இறைவனை நெருங்கும் வழி. அவர் காலத்து அரபு அறிஞர்கள் கிரேக்கரிடம் கற்றதைக் கிரேக்கர் பெயராலேயே சொன்னார்கள். நம் எண்களை இந்திய எண்கள் என்றே எழுதினார்கள். வாங்கிய இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் தப்பைத் திருத்தினார்கள். எனக்கு அவர்கள்மேல் இருந்த மரியாதையே அதனால்தான்.

தலைமையாசிரியர் படித்தார். "அரபுக்காரங்க வெறும் தபால்காரங்க, சாயபு. கிரேக்கன் கடுதாசிய ஐரோப்பாவுல கொண்டு போயிக் குடுத்தாங்க. தபால்காரன் பேர எவனாச்சும் கேப்பானா?" என்று சொல்லி அறிஞரின் பெயரை அடித்தார். பிறகு 'தலைகீழாக' என்பதையும் அடித்து 'நேராக' என்று எழுதினார். நான் தப்பாக எழுதிவிட்டேனாம். ஒரு தடவை செய்து பார்க்கலாமே என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. நானும் கட்டுரையை அப்படியே அவர் மேசையில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அடுத்த வாரம் மொரப்பூரில் ரயிலேறிப் போய், சேலத்து ஆசிரியர் கூட்டத்தில் அதைத் தன் கட்டுரையாக வாசித்து, மாலையும் கழுத்துமாகத் திரும்பினார். அன்றே கறுவிக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த பள்ளி இன்ஸ்பெக்டர் சில மாதங்களில் எங்கள் பள்ளிக்கு வந்தார். கட்டுரையில் கேட்ட சோதனையைச் செய்து காட்டச் சொன்னார். நான் சன்னல்களை அடைத்து அட்டையில் துளை போட்டேன். "வெளிய யாரு நிக்கறது?" என்றார் தலைமையாசிரியர்.

"நீங்களே நில்லுங்க சார், அதான் மருவாதி" என்றேன்.

ஜரிகைத் தலைப்பாகையோடு போய் நின்றார். சுவரில் கால் மேலே, தலைப்பாகை கீழே. உள்ளே இருந்த இன்ஸ்பெக்டரை நினைத்துக் கும்பிட வேறு செய்தார். மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கால் மணி நேரம் கூப்பிடாமலே வெயிலில் நிறுத்தினேன். அவ்வளவு ருசியான கால் மணி நேரம் எனக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் இன்ஸ்பெக்டர் என்னிடம், "இத அந்தக் காலத்துல ஆராஞ்சு எழுதுனது யாருங்க?" என்று கேட்டார்.

"கட்டுரை எழுதுனவரு வெளிய நிக்கறாரு. அவரயே கேளுங்க."

தலைமையாசிரியர் முழிப்பதை நான் பார்க்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அதையே கேட்க, உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தான் அடித்த பெயர் நினைவில்லாமல் நன்றாகவே முழித்தார். இன்ஸ்பெக்டர் பெயர் தெரியாமலே வண்டியேறிப் போய்விட்டார்.

தலைமையாசிரியர் செத்து வெகு காலமாயிற்று. இன்றும் நான் அவரை மன்னிக்கவில்லை. அந்த வெயிலுக்காக வருந்தவும் இல்லை. ஆனால் அன்று அந்த அறையில் ஒருவர் அந்த அறிஞரின் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவே இல்லை.