நாலாவது மீட்டரில் பாறை

மண் பரிசோதகர் என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். துளைக்காரர் என்றால் உடனே கை காட்டுவார்கள். மலைச்சரிவில் வீடு கட்ட நினைப்பவர்கள் கொத்தனாருக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். இயந்திரத்தைத் தரையில் ஊன்றி, குழாயைச் சுழற்றித் தரைக்குள் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணையும் கல்லையும் உருளை உருளையாக வெளியே எடுத்து, ஆழத்தின் வரிசைப்படி மரப்பெட்டியில் அடுக்குவார். பேச்சு குறைவு. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவழைக்கவும் துளைதான் போடவேண்டும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அவருக்கென்று இருந்தது ஒரே அக்கா. அம்மா போனபின் அவரை வளர்த்து ஆளாக்கியவள்; துணிக்கடையில் இருபது வருஷம் நின்றே கால் நரம்பு சுருண்டுபோனவள். அவளும் மச்சானும் சரிவில் ஒரு மனை வாங்கியபோது, மண்ணைப் பார்க்க வேறு யாரைத் தேடுவார்கள்?

நாலாவது மீட்டரில் குழாய் பாறையில் தட்டியது. சாம்பல் நிறக் கல், விரிசலே இல்லை. ஆனால் கல் தட்டியபின் இன்னும் மூன்று மீட்டர் உள்ளே போகவேண்டும் என்பது முறை. எந்தக் காலத்திலோ மேலேயிருந்து உருண்டு வந்து மண்ணில் புதைந்த தனிக்கல்லும், தொடும்போது மலையின் அடிப்பாறை மாதிரியே இருக்கும். துளைத்துப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். ஒன்றரை மீட்டர் போனதும் துளைக்கும் முனை மழுங்கிவிட்டது. வேறு முனை வர இரண்டு நாளாகும். வானமும் இருட்டிக்கொண்டு வந்தது.

"பாறைதான் தட்டிடுச்சே, இன்னும் எதைத் தேடுற?" என்றார் மச்சான்.

"இன்னும் கொஞ்சம் போய்ப் பாத்துடலாம் மச்சான்."

"திங்கக்கிழமை அஸ்திவாரத்துக்கு ஆள் வருது. இப்பப் போய் இழுத்தடிக்காதே."

அக்கா தேநீர் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "உனக்குச் சரின்னு பட்டா எனக்குப் போதும் தம்பி."

நான்கு மீட்டரில் அடிப்பாறை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

வீடு எழும்பியது. மூன்றாவது மழைக்காலத்தில் அக்கா போனில் பேசும்போது, பின்கதவு மூட வரமாட்டேன் என்கிறது, மரம் ஊதியிருக்கும்போல என்று சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. போய்ப் பார்த்தார். சமையலறைச் சுவரில் படிக்கட்டுபோல ஒரு விரிசல் ஏறியிருந்தது. சுண்டுவிரல் நுழைந்தது.

மறுநாள் காலையிலேயே இயந்திரத்தோடு வந்து, பழைய துளைக்குப் பக்கத்தில் புதிதாகப் போட ஆரம்பித்தார். நாலு மீட்டரில் அதே கல். ஆறு மீட்டரைத் தாண்டியதும், முனை சூடேறாமலிருக்க உள்ளே விட்டு, துளையிலிருந்து சாம்பலாக வெளியே வந்துகொண்டிருந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. குழாய் பிடிமானம் இல்லாமல் ஒரு முழம் தானாக இறங்கியது. அதற்குக் கீழே பன்னிரண்டு மீட்டர்வரை பிசைந்த மாவு மாதிரி ஈரக் களிமண். வீடு உட்கார்ந்திருந்தது மலைமேல் அல்ல. களிமண்ணில் கிடந்த ஒரு தனிக்கல்மேல்.

கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போனார். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"இந்த வீட்டை விட்டு இறங்கிடுங்க அக்கா. இன்னைக்கே."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்ப வர முடியாது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சுக்காம விட்டுட்டேன்."

அக்கா அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த பருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மச்சான் வாசலில் மறித்தார். "கையெழுத்துப் போட்டவன் நீதானே?"

"நான்தான்," என்றார். அன்று அவசரப்படுத்தியது யார் என்ற பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

அவர்கள் வீட்டைக் காலி செய்த பத்தொன்பதாம் நாள், விடாத மழைக்குப் பிறகு, மத்தியான வெளிச்சத்தில் சரிவு நகர்ந்தது. வீடு உடையாமல் முழுசாகவே சாய்ந்து போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உயிர்ச்சேதம் இல்லை. துளைக்காரர் தன் தவறைத் தானே எழுதி, தனக்குத் தொழில் உரிமம் தந்த அலுவலகத்தில் கொடுத்தார். ஒரு வருஷம் தொழில் செய்யக்கூடாது என்றார்கள்.

அந்த ஒரு வருஷம் பழைய அறிக்கைகளை உட்கார்ந்து படித்தார். முனை மழுங்கிப் பாதியில் நிறுத்திய துளைகள் இன்னும் மூன்று இருந்தன. மூன்று வீட்டுக் கதவையும் தட்டி, வேறு ஆளை வைத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் திட்டி அனுப்பினார். மூன்றாவது வீட்டுப் பெண் முழுதும் கேட்டுவிட்டு, "நிம்மதியா இருந்தோம். இனிமே மழை பெஞ்சா எப்படித் தூங்குறது?" என்றாள்.

அக்காவும் மச்சானும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறையில் குடியிருக்கிறார்கள். அவர் வரும் நேரம் பார்த்து மச்சான் வெளியே கிளம்பிவிடுவார். அக்கா கால் வலியைப் பற்றிப் பேசுவாள், பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசுவாள். அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.