மாட்டுப்பட்டியில் பிரிஜித் திருநாள்

பெப்ரவரி முதலாம் திகதி காலை ஆறு பத்துக்கு நான் முதலில் பார்த்தது, பக்கத்து வீட்டுக்காரியின் மாட்டுப்பட்டியில் இருந்த வெறும் ஆணியை. முந்தின நாள் மாலை என் மனைவி அதில் ஒரு புல் சிலுவையைத் தொங்கவிட்டிருந்தார்.

மனைவி தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை. சிறுவயதில் ஹட்டனில் படித்தபோது, அயர்லாந்திலிருந்து வந்த வயதான கன்னியாஸ்திரி ஒருவர் சொல்லிக்கொடுத்த வழக்கம் இது. புனித பிரிஜித் திருநாளுக்கு முந்தின இரவு, அந்தப் புனிதை தன் வெள்ளைப் பசுவோடு வீடு வீடாக வருவாராம். கோரையில் சிலுவை பின்னி மாட்டினால் வீட்டுக்கும் மாட்டுக்கும் நோய் அண்டாதாம். இங்கே கோரை இல்லாததால், மனைவி வருடந்தோறும் மலைச்சரிவில் வளரும் நீண்ட மானாப்புல்லில் பின்னி எங்கள் வாசலில் மாட்டுவார்.

இந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரியும் ஒன்று கேட்டார். கொழுந்து பறிப்பவர், மாரியம்மன் பக்தை. அவருடைய பசு கன்று போட்டு மூன்று நாளாகப் புல்லைத் தொடவில்லை. தலவாக்கலையிலிருந்து வந்த மிருக வைத்தியர் ஊசி போட்டுவிட்டு, இரண்டு நாள் பார்ப்போம் என்று போயிருந்தார். கன்றுக்குப் பால் போதவில்லை.

“அயர்லாந்துல இருந்து இந்தக் குளிருல மாட்ட ஓட்டிக்கிட்டு எப்படி வருவாங்க?” என்றேன்.

“எங்க ஆத்தா சமயபுரத்துல இருந்து வரலையா சார்?” என்றார் அவர்.

மானாப்புல்லையெல்லாம் இளந்தேயிலைக்கு அடியில் பரப்ப வெட்டிவிட்டார்கள். அதனால் மனைவி, மாட்டுக்கு அறுத்து வைத்திருந்த பச்சைப் புல்லிலேயே சிலுவை பின்னி, பசுவின் தலைக்கு நேரே மாட்டினார்.

காலையில் நாங்கள் இருவரும் உள்ளே போனபோது பக்கத்து வீட்டுக்காரி தலையில் கை வைத்து நின்றார்.

“டீச்சர், கோவிச்சிக்கிடாதீங்க. ஒங்க சாமிய இவ தின்னுபுட்டா.”

“முழுசாவா?”

“கட்டுன நூல மட்டும் துப்பியிருக்கா.”

மனைவி நூலைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். சிரிப்பு தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொன்னு செஞ்சி மாட்டவா?”

“ஒன்னு எப்படி பத்தும் டீச்சர்? ஒரு கட்டாச் செய்யுங்க.”

பெரட்டில் பெயர் கொடுத்து மலைக்குப் போக நேரமாகியும் பக்கத்து வீட்டுக்காரி வேலைக்குக் கிளம்பவில்லை. அவரும் மனைவியும் புல்லை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு சிலுவைகூட முடியவில்லை. பின்னப் பின்ன, பசு கையிலிருந்தே இழுத்துத் தின்றது.

அன்று மாலை, கன்று குடித்தது போக, ஒரு போத்தல் பால் கறந்தார்கள்.