கொடைக்குப் போக வேண்டிய சேவல்

குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே எனக்குத் தூக்கம் போய்விடும். கால் தரையில் நிற்காது. அதிலும் அந்த வருஷம் போகிற கொடை, என் நேர்த்திக்கடன் தீரப்போகிற கொடை.

அதற்கு முந்தைய வருஷம் என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். கொத்தனார். நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வராந்தாவில் நின்றபடியே எங்கள் குலசாமி மாடனிடம் நேர்ந்துகொண்டேன். ஆளைத் திருப்பிக் கொடு, ஒரு குஞ்சை வாங்கி என் கையாலேயே வளர்த்துச் சேவலாக்கி உன் கொடைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். ஆள் எழுந்து மறுபடியும் கொத்துக்கரண்டி பிடித்துவிட்டார். குஞ்சும் சேவலாகிவிட்டது. எப்பேர்ப்பட்ட சேவல்! கழுத்து செக்கச்செவேல் என்று இருக்கும், வாலில் வெயில் பட்டால் பச்சை மின்னும். வள்ளியூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கொடையில் அப்படி ஒரு சேவலை யாரும் பலிக்கு இறக்கியிருக்க மாட்டார்கள் என்று, மலையாளக் கரையில் நாங்கள் குடியிருக்கும் கரமனை முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

சேவலுக்குத் துணையாக வாங்கிய பெட்டைகளில் ஒன்று அப்போது அடையில் உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரிக்க இன்னும் சில நாள்தான். வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்றால், விடியுமுன் கூவி அவர் தூக்கத்தைக் கெடுத்த வகையில் சேவலுக்கும் அவருக்கும் ஆகாது. சேவலுக்கு ஆகாதவர் எனக்கும் ஆகாதவர்தானே. எனவே கோழிகளைத் தனியாகவே விட்டுப் போவதென்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை வேலை விட்டு வந்ததும் ஏற்பாடுகளில் இறங்கினேன். மற்ற மூன்று பெட்டைகளையும் கூட்டில் அடைத்து, கவிழாத மண்சட்டிகளில் தண்ணீரும் குருணையும் நிறைய வைத்து, நாய் தள்ளாதபடி கதவுக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். அடைகோழிக்குக் கீரி பயம். அதனால் முட்டையும் வைக்கோலும் தீனியுமாக அதன் மேல் ஒரு பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்தேன். காலையில் தேடி அலைய வேண்டாமே என்று சேவலையும் பிடித்துப் பக்கத்திலேயே இன்னொரு கூடைக்குள் போட்டுக் கவிழ்த்தேன். என்னைப் போல யோசிக்க ஆள் உண்டா என்று எனக்கே ஒரே பெருமை.

விடியுமுன் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். சேவலைப் பிடிக்க என் வீட்டுக்காரர் கொல்லைக்குப் போனார். லைட்டைப் போட்டால் எல்லாம் கத்தும், சேச்சி எழுந்துவிடுவார் என்று இருட்டிலேயே வேலையை முடித்தார். கையை உதறிக்கொண்டு வந்தார்.

"என்னா கொத்து கொத்துது பாத்தியா! சேவல்னா இதாக்கும் சேவல்."

காலைக் கட்டி, கட்டைப்பைக்குள் வைத்து, பையின் வாயையும் கட்டியிருந்தார். தம்பானூரில் பஸ் ஏறினோம். வழி முழுக்கப் பைக்குள்ளிருந்து சத்தமே இல்லை. மாடன்தான் அடக்கி வைத்திருக்கிறான் என்றார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

களியக்காவிளையில் பஸ் மாறும்போது நன்றாக விடிந்திருந்தது. என் மகள் சேவலுக்குத் தண்ணீர் காட்டப் பையைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, இது சேவல் அல்லம்மா. பெட்டையாக்கும்."

எட்டிப் பார்த்தேன். என் அடைகோழி பையின் அடியில் பரத்திக்கொண்டு உட்கார்ந்து என்னை முறைத்தது. அடைகோழி ஓடாது, கையை விட்டால் கொத்தத்தான் செய்யும். அந்தக் கொத்தைத்தான் மனுஷன் சேவலின் வீரம் என்று கொண்டாடியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்து தொலைத்தது.

"இங்கயே சந்தையில ஒண்ணு வாங்கிருவோம்ட்டி" என்றார்.

"நேர்ந்தது அதையாக்கும். ஆள மாத்திக் குடுத்தா மாடன் சும்மா இருப்பானா? இது போகாம அங்க முட்டை வேற ஆறிப்போகும்."

அவரையும் மகளையும் மூட்டைகளோடு நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றினேன். "ராத்திரி பூசைக்கு முன்னால சேவலோட வந்திருவேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். கால் வைத்ததும் பஸ் கிளம்பியது.

கண்டக்டர் பையைப் பார்த்தார். "கோழியாணோ?"

"ஆமாண்ணா. கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லுங்க, அவசரம்."

"ஆர்க்கு? கோழிக்கோ?"

"கோழிக்குத்தான். முட்டை ஆறிடும்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சித்திரை வெயிலில் முட்டை ஆறாது என்று ஒருவர் தைரியம் சொன்னார். அடை கலைந்த கோழி திரும்ப உட்காராது என்று இன்னொருவர் பயம் காட்டினார். பாலராமபுரத்தில் பஸ் ஊர்ந்தபோது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குத்தான் ஓடினேன். கூடையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு! பெட்டையின் கட்டை அவிழ்த்துக் கூடைக்கடியில் விட்டேன். உட்காரவில்லை. வெளியே வந்து சிறகை உதறிக்கொண்டு கொல்லை முழுக்கக் கத்தியபடி சுற்றியது. சரி, அது கோபம் தணியட்டும், அதற்குள் சேவலைப் பிடிப்போம் என்று அடுத்த கூடையை ஒரு விரற்கடை தூக்கிக் கையை விட்டேன். ராத்திரி முழுக்க அடைபட்டிருந்த சேவல் கூடையையே கவிழ்த்துக்கொண்டு பறந்து, மதிலில் ஒரு மிதி மிதித்துச் சேச்சி வீட்டு சன்ஷேடில் போய் நின்று கூவியது.

சேச்சி மாடி ஜன்னலைத் திறந்தார். "அய்யோ, இது இன்னும் போயில்லே?"

"பிடிச்சுக் கொண்டுபோறேன் சேச்சி, ஒரு கம்பு குடுங்க!"

அந்த நிமிஷம் எங்களுக்குள் இருந்த பகை எங்கே போனதோ தெரியவில்லை. அவர் மேலிருந்து துடைப்பத்தால் விரட்ட, நான் கீழே முந்தானையை விரித்துப் பிடிக்க, சேவல் சன்ஷேடிலிருந்து முருங்கைக்கும் முருங்கையிலிருந்து மதிலுக்கும் தாவியது. இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தோம். ஆனால் நாங்கள் போட்ட கூச்சலில் பெட்டை மிரண்டு கூடைப் பக்கமே போகவில்லை. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. சேவல் இல்லாமல் எந்த முகத்தோடு மாடன் முன்னால் போய் நிற்பது? முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"விரட்ட வேண்டாம் சேச்சி" என்றேன். மண்ணில் ஒரு பிடி குருணையை வீசிவிட்டு அசையாமல் குந்தினேன்.

கொஞ்ச நேரத்தில் சேவல் இறங்கி வந்தது. முந்தைய சாயங்காலத்திலிருந்து அது ஒன்றும் தின்றிருக்கவில்லை. அவ்வளவு பசியிலும் ஒரு மணியைக் கொத்தி எடுத்தது, தின்னாமல் கீழே போட்டது. மறுபடி எடுத்தது, போட்டது. "கொக் கொக் கொக்" என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டது. பெட்டையைத்தான் கூப்பிட்டது. இவ்வளவு நேரம் வீம்பு பிடித்த அந்த மகராசி மெல்ல நடந்து வந்து அதன் காலடியிலேயே பொறுக்கித் தின்றாள். அது கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்துக்கொண்டு காவல் நின்றது. என்னைப் பார்க்க மட்டும் மறந்துவிட்டது. பாய்ந்து இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன்.

"கிட்டி!" என்று சேச்சி மேலிருந்து கை தட்டினார். நானும் கத்தினேன். பெட்டை இரண்டு எட்டு ஓடி, நின்று, பிறகு தானாகவே கூடைக்கடியில் புகுந்து முட்டைகளை நெஞ்சுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கூடையைச் சரியாகக் கவிழ்த்தேன். துள்ளிக் குதிக்காத குறைதான்.

அப்போது போன் அடித்தது. அவர்தான். ஊர் போய்ச் சேர்ந்திருந்தார், பின்னால் மேளச் சத்தம் கேட்டது. சேவலைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

"ஏட்டி, சாப்ட்டியா?" என்றார்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கக்கத்தில் சேவலின் நெஞ்சு படபடவென்று அடித்தது. அதுவும் ஒரு மணிகூடத் தின்றிருக்கவில்லை. இந்தக் குரலைத் திருப்பிக் கொடு என்றுதான் நான் மாடனிடம் கேட்டேன். அவன் கொடுத்துவிட்டான்.

"மொதல்ல எதையாவது தின்னு. பொறவு பஸ் ஏறு" என்றார். "சேவல் கிட்டுச்சா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மண்ணில் மிச்சமிருந்த குருணையை அள்ளிச் சேவலின் வாயருகே கொண்டுபோனேன். என் உள்ளங்கையிலிருந்து அவசர அவசரமாகக் கொத்தித் தின்றது.

"கிட்டிருச்சு" என்றேன். "கொண்டு வாரேன்."