தொட்டியருகே நின்ற தஸ்தகீர் பாய்

நேற்றுக் காலை ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பு வாசலில் வண்டிக்காரர் சொன்னார்: “தஸ்தகீர் பாய் போய்ட்டாரு.” “இன்னாய்யா உளர்றே!” என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். சேதி கொண்டுவந்தவர் என்ன செய்வார், பாவம்.

பச்சைத் தோலின் ரோமம் கழல ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகளுக்கு பாய்தான் மேஸ்திரி. அவர் கைகளில் முழங்கைவரை வெந்த தழும்புகள். கல்யாண விருந்தில் பக்கத்து ஆள் முகம் சுளித்தால், “பயப்படாதீங்க, ஒட்டாது. பிரியாணிய இப்படித் தள்ளுங்க” என்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு, அவரிடம் குழி வேலை பார்த்த முனுசாமியையும் தெரியும். ஒருநாள் குழியிலிருந்து இழுத்த தோல் வழுக்கி விழுந்து, சுண்ணாம்பு அவன் இரு கண்களிலும் தெறித்தது. ஐயோ, அந்த அலறல்! தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு கொதிக்கும், எண்ணெய்தான் விடவேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. குமாஸ்தாவான நானும் விளக்கெண்ணெய்க்கு ஓடினேன். திரும்பி வந்தபோது, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டியில் அவன் தலையைச் சாய்த்து, பாய் தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டிருந்தார். குழி ஆட்கள் அந்தத் தொட்டியைத் தொட்டதே இல்லை. சிலர் கத்தினார்கள். “தண்ணிய எறச்சுட்டு மறுபடி ரொப்பிக்கலாம். கண்ணை எங்க போய் ரொப்புறது?” என்றார் பாய்.

வலக்கண் பிழைத்தது, இடக்கண் போய்விட்டது. தண்ணீர் உடனே பட்டிருந்தால் இரண்டும் தப்பியிருக்கும் என்றார் வேலூர் டாக்டர். அந்தச் சொல் பாயை விடவே இல்லை. “யோவ் குமாஸ்தா, தொட்டியைப் பாத்துட்டு நான் கொஞ்சம் நின்னுட்டேன், இல்லே?” என்று பல வருஷம் கேட்டார். “இல்லவே இல்லை, பாய்” என்றே சொல்லிவந்தேன். நான் பார்த்திருந்தால்தானே!

நேற்று அடக்கம் முடிந்ததும் முனுசாமியிடம் இதைச் சொன்னேன். அவன் ஒற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நின்னாருதான், ஐயா. கண்ணு தெரியாட்டியும் காது கேட்டுச்சே. ‘யா அல்லா’ன்னு பக்கத்துலயே நின்னாரு. மத்தவங்க செருப்புச் சத்தமெல்லாம் தூரமா ஓடிப்போச்சு.”

அதில் ஒரு ஜோடிச் செருப்பு என்னுடையது. எண்ணெய்க்குத்தான் ஓடினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாய் விட்டுப்போனதில் அவருடைய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்: அன்று நான் ஓடிவிட்டேன், இல்லையா? இல்லவே இல்லை என்று எனக்குச் சொல்ல ஆளில்லை.