ரிப்பன் கட்டிய மெஷின்

என் அலுவலகப் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோலும் ஒரு சுருள் சிவப்பு ரிப்பனும் கிடக்கும். எங்கள் கம்பெனி ஒதுக்கும் நிதியைக் கிராமத்து இலவச ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. சேர்த்தால் மட்டும் போதாது. பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்தால்தான் அடுத்த வருஷமும் நிதி வரும். அந்த ரிப்பன் கையில் தட்டுப்படும்போதெல்லாம் குன்றாண்டார்கோவில் பக்கத்து நர்ஸம்மா நினைவுக்கு வருவார். யாரும் பார்க்காத நேரத்திலும் எனக்கு முகம் கூசும்.

ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸம்மாதான். நெஞ்சுவலி என்றால் பஸ் மாறிப் புதுக்கோட்டைக்குத்தான் ஓட வேண்டும் என்பதால் இ.சி.ஜி. மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதற்கு நானே ரிப்பன் கட்டி, "எங்க டைரக்டர் வந்து கட் பண்ணட்டும், அதுவரைக்கும் தொடாதீங்க சிஸ்டர்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். டைரக்டருக்குத் தேதி தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் விழா நாளன்று காலையில் போய்ப் பார்த்தால், மெஷின்மேல் இருந்தது என் முடிச்சு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரெட்டைச் சடையில் கட்டுவதுபோல அழகான பூ முடிச்சு. கேட்கலாம் என்று நினைப்பதற்குள் கார் வந்துவிட்டது.

டைரக்டர் ரிப்பனை வெட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து கும்பிட்டார். "அய்யா, இந்த மிஷினுலதான் எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலின்னு பாத்தாங்க. ஒடனே புதுக்கோட்டைக்கு அனுப்புனதுல பொழைச்சாரு. நீங்க நல்லா இருக்கணும்." கொடுத்தவன் இதைவிட வேறென்ன கேட்க முடியும்? ஆனால் டைரக்டர் என் பக்கம் திரும்பி, "முன்னாடியே யூஸ் பண்ணிட்டாங்களா?" என்றார். நான் அடுத்துச் சொன்னது நர்ஸம்மாவைக் காப்பாற்றத்தான் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் என் வேலையைப் பற்றித்தான் பயந்தேன். "இல்ல சார், அந்தம்மா வேற ஆஸ்பத்திரிய நெனச்சுச் சொல்றாங்க" என்றேன், அதையும் மைக்கில். கூட்டம் சிரித்தது. அந்த அம்மா நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத்தான் மாறிப்போச்சு போலங்க" என்று சொல்லி அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே நர்ஸம்மா சொன்னார்: "அவுத்ததுக்கு என்னைய வஞ்சிருக்கலாம் சார். அந்தம்மாவப் பொய்க்காரியாக்கிட்டமே. நானும் வாயத் தொறக்கல." தன்னையும் சேர்த்துக்கொள்ளாமல் 'ஆக்கிட்டீங்களே' என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவருக்குப் போர்த்துவதற்காகக் கொண்டுபோன சால்வையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். அடுத்த வருஷ நிதி ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

இப்போது கறம்பக்குடி பக்கம் ஒரு மெஷின் ரிப்பனோடு காத்திருக்கிறது. விழா மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. ரிப்பனை அவிழ்த்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இன்று காலையில் அங்கிருக்கும் நர்ஸுக்குப் போன் செய்தேன். "எப்ப சார் வாராங்க? நேத்துக்கூட ஒருத்தரப் பஸ் ஏத்தி அனுப்புனோம்" என்றார் அந்தப் பெண். "அடுத்த வாரம் வந்துருவாங்க. சேர் மட்டும் போதுமான்னு பாத்துக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு பையைத் திறந்து, கத்தரிக்கோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.